எழுத்தரும் சாட்சியும்

திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸாவில் ஓதும் பிள்ளையைக் கேட்டால், சூரத்துல் பகராவின் 282-வது வசனம் என்று உடனே சொல்லிவிடும். அது எதைப் பற்றிப் பேசுகிறது என்று பெரியவர்களைக் கேட்டால் பலர் தயங்குவர். தொழுகையைப் பற்றியன்று, நோன்பைப் பற்றியுமன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. ஆக, வியாபாரிகளாகிய நாம் மற்ற எவரையும்விட நன்றாக அறிந்திருக்க வேண்டிய வசனம் அது.

தவணைக் கடனை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுகிறவர் நீதமாக எழுத வேண்டும், எழுத மறுக்கலாகாது. சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும். அழைத்தால் சாட்சிகள் வர மறுக்கலாகாது. தொகை சிறியதாயினும் எழுதச் சடைவடையலாகாது. இப்படிப் பல சட்டங்கள் அதில் அடங்கியிருக்கின்றன. வசனம் முடியும் தறுவாயில் எழுத்தரையும் சாட்சியையும் குறித்து ஒரு விலக்கல் வருகிறது. இன்றைய பாடம் அந்த இடத்தில்தான். அங்கே வரும் ‘யுழார்ர’ என்னும் அரபுச் சொல்லில் இரண்டு ‘ரே’ எழுத்துகள் ஒன்றாய் இணைந்து நிற்கின்றன. பிரித்துப் பார்க்கையில் முதல் ‘ரே’க்கு ஸேர் வைத்தால், எழுத்தரும் சாட்சியும் பிறருக்குத் தீங்கு செய்யலாகாது என்று பொருள்படும். ஸபர் வைத்தால், அவ்விருவருக்கும் பிறர் தீங்கு செய்யலாகாது என்று பொருள்படும். தப்ஸீர் எழுதிய இமாம்கள் இரண்டு கருத்தையுமே எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் கடையில் நடப்பதைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் ஐயாயிரம் வெள்ளிக்குச் சரக்கு எடுத்துப் போகிறார். பேரேட்டில் எழுதியாயிற்று, பக்கத்துக் கடைக்காரர் சாட்சி. பின்னொரு நாள் அவர் கடனே இல்லையென்று சாதிக்க நினைத்தால் அவருக்கு இருப்பது இரண்டே வழி. கணக்கப்பிள்ளைக்குக் கைக்கூலி கொடுத்து ஏட்டைத் திருத்தச் செய்யலாம். அது பலிக்காவிட்டால் சாட்சியை மிரட்டி வாயடைக்கலாம். ஸேர் வைத்து ஓதும் பொருள் முதல் வழியை அடைக்கிறது. ஸபர் வைத்து ஓதும் பொருள் இரண்டாம் வழியை அடைக்கிறது.

ஒரு கடையின் கடனுக்கு இவ்வளவு காவல் வேண்டியிருக்கிறதென்றால், ஒரு தேசத்தின் கணக்குக்கு எவ்வளவு வேண்டும்? சர்க்கார் வாங்கும் வரி, பட்டாளம் செய்யும் காரியம், பெரும் முதலாளிகளின் கொடுக்கல் வாங்கல், இவற்றுக்கெல்லாம் பொதுமக்கள் சார்பில் ஏடு எழுதுகிறவரும் சாட்சி நிற்கிறவரும் பத்திரிகை நிருபரே. அந்த வசனம் பத்திரிகைகளைப் பற்றி இறங்கியது என்று நாம் சொல்ல வரவில்லை. நாம் ஆலிம்கள் அல்லோம், இஃது ஃபத்வாவும் அன்று. கடனில் காணும் நியாயம் மற்றக் காரியங்களிலும் பொருந்துவதைக் காட்டுகிறோம், அவ்வளவே. எப்படிப் பொருந்துகிறது என்பதை நம் அண்டை நாடாகிய பர்மாவில், மியன்மாரென்று இப்போது வழங்கும் நாட்டில், நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு பார்ப்போம்.

ரங்கூன் நம் முன்னோருக்குப் புதிய ஊரன்று. அங்கே நம்மவர் கட்டிய சோழியாப் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரிலேயே நிற்கிறது. ஆனால் நாம் சொல்லப் போவது ரங்கூனிலிருந்து வெகு தூரத்தில், ரக்கைன் மாநிலக் கடலோரத்திலுள்ள இன் தின் என்னும் கிராமம். 2017 ஆகஸ்டு 25-ல் ரோஹிங்யா ஆயுதக் குழு ஒன்று போலீஸ் சாவடிகளைத் தாக்கியது. அதைக் காரணமாக வைத்துப் பட்டாளம் இறங்கியது. ஊர்கள் எரிந்தன, ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லை கடந்து வங்காளதேசத்துக்கு ஓடினர். இன் தின்னில் மாட்டிக்கொண்டவர்களில் பத்துப் பேரைப் பட்டாளத்தார் தனியே பிரித்தெடுத்தனர். செப்டம்பர் 2-ந் தேதி அந்தப் பத்துப் பேரும் கொல்லப்பட்டு ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். சிலரை ஊரார் வெட்டினர். மற்றவரைப் பட்டாளத்தார் சுட்டனர்.

யார் அந்தப் பத்துப் பேர்? மீன்பிடிப்பவர்கள், கடைக்காரர்கள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள், மார்க்கக் கல்வி போதித்த ஓர் ஆசிரியர். கடைக்காரர்கள் என்ற சொல்லை வாசிக்கும்போது நமக்குள் ஏதோ செய்கிறது. மரணம் எல்லாருக்கும் ஒன்றுதான்; இருந்தாலும் செய்கிறது.

இந்தக் கொலையை அறிந்து எழுதத் தொடங்கியவர்கள் ராய்ட்டர் செய்தி நிறுவனத்தைச் சேர்ந்த வா லோன், கியாவ் சோ ஊ என்னும் இரு இளைஞர்கள். கொல்லப்படுமுன் பத்துப் பேரும் வரிசையாக முழந்தாளிட்டிருக்கும் படமும், கொல்லப்பட்டபின் குழியில் கிடக்கும் படமும் அவர்களுக்குக் கிடைத்தன. செய்தி வெளிவருமுன், 2017 டிசம்பர் 12-ந் தேதி இரவு, போலீஸார் சிலர் அவர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்துக் கையில் சில காகிதங்களைக் கொடுத்தனர். வெளியே வந்ததும் இருவரும் பிடிபட்டனர். ‘அரசாங்க இரகசியத்தை வைத்திருந்தார்கள்’ என்பது குற்றச்சாட்டு. எந்தச் சட்டத்தின்படி? 1923-ல், பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்தபோது, வெள்ளைக்காரன் போட்ட அரசாங்க இரகசியச் சட்டத்தின்படி! வெள்ளைக்காரன் போனபின்னும் அவன் வைத்துவிட்டுப் போன பூட்டை யாரும் கழற்றுவதில்லை. இந்தியாவிலும் அதே 1923-ம் ஆண்டுச் சட்டம் நடப்பிலிருக்கிறது.

ஆள் சிறையிலிருந்தாலும் செய்தி சிறைப்படவில்லை. பத்துப் பேர் கொல்லப்பட்டது உண்மையென்று 2018 ஜனவரியில் பட்டாளமே ஒப்புக்கொண்டது. பிப்ரவரி 8-ல் ராய்ட்டர் முழுச் செய்தியையும் படங்களோடு வெளியிட்டது. வங்காளதேசத்து முகாம்களிலிருந்த குடும்பத்தார் அந்தப் படங்களைப் பார்த்துத் தம் ஆட்களை அடையாளம் சொன்னார்கள்.

வழக்கில் மற்றொரு சாட்சி எழுந்தார். மோ யான் நைங் என்னும் போலீஸ் கேப்டன். சர்க்கார் தரப்பில் சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட அவர், நிருபர்களிடம் காகிதங்களைக் கொடுத்துப் பிடிக்கும்படி மேலதிகாரி உத்தரவிட்டார் என்று 2018 ஏப்ரலில் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார். பலன் என்ன? போலீஸ் ஒழுங்கு விதியை மீறினாரென்று ஓராண்டுச் சிறை. குடும்பத்தார் போலீஸ் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். நிருபர் இருவருக்கும் 2018 செப்டம்பர் 3-ல் ஆளுக்கு ஏழாண்டு தண்டனை கிடைத்தது.

அந்தக் கொலைக்காகப் பட்டாளத்தார் ஏழு பேருக்குப் பத்தாண்டுக் கடுங்காவல் விதித்திருந்தார்கள். அவர்கள் ஓராண்டுகூட முடியுமுன், 2018 நவம்பரிலேயே, விடுவிக்கப்பட்டார்கள். நிருபர்கள் வெளியே வந்தது 2019 மே 7-ந் தேதி. 511 நாள்! கொன்றவர் இருந்ததைவிடக் கொலையை எழுதியவர் அதிக நாள் சிறையிருந்தனர். 2019 டிசம்பரில் ஹேக் நகரத்து அனைத்துலக நீதிமன்றத்தில், காம்பியா நாடு தொடுத்த வழக்கில் பர்மாவின் சார்பில் வாதாட வந்த ஆங் சான் சூச்சியும் இன் தின் விடுவிப்பைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. ஏட்டில் ஒருமுறை ஏறிவிட்ட கணக்கு அப்படித்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வா லோனும் கியாவ் சோ ஊவும் முஸ்லிம்கள் அல்லர்; பெளத்தர்கள். கியாவ் சோ ஊ ரக்கைன் இனத்தையே சேர்ந்தவர். படங்களைக் கொடுத்தவர் இன் தின்னைச் சேர்ந்த ஒரு பெளத்த முதியவர். சாட்சி சொன்ன கேப்டன் அந்நாட்டுப் போலீஸ்காரர். முஸ்லிம்களின் மரணத்துக்கு முஸ்லிமல்லாதவர்கள், தம் இனத்தாருக்கும் தம் நாட்டுப் பட்டாளத்துக்கும் எதிராகச் சாட்சி நின்றிருக்கிறார்கள். தனக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதிக்காகச் சாட்சி நிற்கும்படி சூரத்துன் னிஸாவின் 135-வது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நம்மை நோக்கி வந்த கட்டளையை அவர்கள் செய்து காட்டியதை என்னவென்று சொல்வது?

நம் முன்னோரிடத்தில் இந்தக் குணம் இல்லாமலில்லை. இமாம் புகாரியின் உஸ்தாதுமார்களில் ஒருவர் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்). ஹிஜ்ரி 234-ல் வபாத்தானவர். ஹதீஸ் அறிவிப்பாளர்களில் யார் நம்பத் தகுந்தவர், யார் பலவீனமானவர் என்று எடைபோடுவதில் தலைசிறந்தவர். அவருடைய தந்தையும் ஹதீஸ் அறிவிப்பவர். தந்தை எப்படிப்பட்டவர் என்று கேட்டபோது, முதலில் வேறு யாரையாவது கேட்கும்படி நழுவினார். மறுபடியும் வற்புறுத்தவே, தலை குனிந்திருந்து, பின் நிமிர்ந்து, இது மார்க்க விஷயம் என்று சொல்லித் தம் தந்தை பலவீனமானவரே என்று அறிவித்தார். நம் கைக்கு ஸஹீஹான ஹதீஸ்கள் வந்து சேர்ந்தது இத்தகையவர்களால்தான்.

நிற்க. இன் தின் செய்தியை நாம் ஆவலோடு வாசித்தோம், பிறருக்கும் அனுப்பினோம். நம் கடைத்தெருக்களில் ரோஹிங்யா மக்கள் கண்முன்னே நடமாடுவதால் அது நம் வீட்டுத் துக்கம் போலவும் இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டே, 2018 அக்டோபர் 2-ந் தேதி, மதீனாவில் பிறந்த ஜமால் கஷோகி என்னும் பத்திரிகையாளர் இஸ்தான்புல்லிலுள்ள சவூதித் துணைத் தூதரகத்துக்குள் கலியாணத்துக்கு வேண்டிய காகிதங்களை வாங்கப் போனார். மணமுடிக்க இருந்த பெண் வாசலில் காத்திருந்தார். போனவர் திரும்பவில்லை. அவர் வெளியே போய்விட்டாரென்று முதலில் சொன்னார்கள். 18 நாள் கழித்து, உள்ளே நடந்த கைகலப்பில் இறந்துபோனார் என்றார்கள். பிறகு அதையும் மாற்றி, திட்டமிட்ட கொலை என்றார்கள். அக்கிரமத்தை விசாரித்த ஐக்கிய நாட்டுச் சபையின் தனி அறிக்கையாளர், முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்த கொலை, அதற்கு அந்த அரசே பொறுப்பு என்று 2019 ஜூனில் எழுதினார். ரியாதில் ஐவருக்கு மரண தண்டனை விதித்து, மறு ஆண்டு அதை இருபதாண்டுச் சிறையாக்கினார்கள். ஜனாஸா இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்காத அந்த ஜனாஸாவுக்கு மக்காவிலும் மதீனாவிலும் இஸ்தான்புல்லிலும் காயிப் தொழுகை தொழுதார்கள்.

இதைப் பற்றி நம் கூட்டங்களில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? ஹஜ்ஜு, உம்ராப் பிரயாண ஏற்பாடு செய்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பேரீச்சம்பழமும் அத்தரும் தருவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பயம் விளங்குகிறது. இரு புனிதத் தலங்களின் மேல் நமக்குள்ள மரியாதையும் விளங்குகிறது. ஆனால் கஃபாவின் மேலுள்ள மரியாதை வேறு, ஓர் அரசாங்கத்தின் காரியம் வேறு. கொலைகாரன் பெளத்தப் பட்டாளத்தானாக இருந்தால் நிருபர் வீரர். கொலைகாரன் நம் மார்க்கத்தானாக இருந்தால் நிருபர் குழப்பக்காரர் என்பது தராசில் கல்லை மாற்றி வைக்கிற வேலை. தராசைப் பற்றி வியாபாரிக்குச் சொல்லத் தேவையில்லை.

நமக்கு அக்கம்பக்கத்தில் இன்னுமொன்று. தென் பிலிப்பீன்ஸில், முஸ்லிம்கள் நிறைந்த மகிந்தனாவோவில், 2009 நவம்பர் 23-ந் தேதி, தேர்தலுக்கு மனுச் செய்யப் புறப்பட்ட ஒரு கூட்டத்தை வழிமறித்துக் கொன்றார்கள். மாண்டவர் 58 பேர். அவர்களில் 32 பேர் பத்திரிகைத் தொழிலினர். செய்வித்தது அம்பத்துவான் என்னும் செல்வாக்குள்ள முஸ்லிம் குடும்பம். தீர்ப்பு வரப் பத்தாண்டாயிற்று; 2019 டிசம்பரில்தான் முக்கியமானவர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதையும் பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். 2006 முதல் நடந்த பத்திரிகையாளர் கொலைகளில் நூற்றுக்கு 85-க்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை என்று யுனெஸ்கோ ஸ்தாபனம் 2024-ல் அறிவித்தது.

காஸாவைப் பற்றி இங்கே விரிவாக எழுதவில்லை. அதை அறியாதவர் நம்மில் எவருமில்லை. ஒன்று மட்டும் குறிப்பிடுவோம். 2024-ம் ஆண்டில் உலகெங்கும் 124 பத்திரிகையாளர்களும் ஊடகப் பணியாளர்களும் கொல்லப்பட்டதாகவும், அவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேரைக் கொன்றது இஸ்ரேல் என்றும் நியூயார்க்கிலுள்ள பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு கணக்கிட்டது. 2023 அக்டோபரில் யுத்தம் மூண்டபின் வெளிநாட்டு நிருபர்களைச் சுயேச்சையாக உள்ளே போக விடவில்லை. ஆகவே சாட்சி சொல்ல மிஞ்சியவர்கள் காஸாவின் மக்களே. அல்ஜஸீராவின் அனஸ் அல்ஷரீஃபும் அவருடைய தோழர்களும் 2025 ஆகஸ்டு 10-ந் தேதி ஆஸ்பத்திரி வாசலருகே கூடாரத்திலேயே கொல்லப்பட்டனர். ஏடு எரிந்தால் கடன் இல்லை என்று நினைப்பவர் செய்யும் காரியம் இது.

இவ்வளவு சொன்ன பிறகும், ‘பத்திரிகைக்காரர் வேலையே புறம் பேசுவதுதானே, அதை மார்க்கம் தடுத்திருக்கிறதே’ என்று ஆட்சேபிக்கிறவர்கள் உண்டு. கீபத் என்னும் புறம் பேசுதல் பெரும் பாவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஷாபியீ மத்ஹபைச் சேர்ந்த நமக்கு இமாம் நவவீ (ரஹ்) எவ்வளவு பெரியவர் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹிஜ்ரி 676-ல் வபாத்தான அப்பெரியார், தம் ரியாழுஸ் ஸாலிஹீனில், பிறர் குறையைச் சொல்வது ஆகுமான ஆறு சந்தர்ப்பங்களை எடுத்துக் காட்டுகிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவது ஒன்று. தீமையை மாற்ற உதவி தேடுவது ஒன்று. முஸ்லிம்களை ஒரு கெடுதியிலிருந்து எச்சரிப்பது ஒன்று. இந்த எச்சரிக்கையின் கீழேதான் ஹதீஸ் அறிவிப்பாளரின் குறையைச் சொல்வதையும், ஒருவரோடு பங்கு சேரலாமா, பெண் கொடுக்கலாமா, அமானிதம் வைக்கலாமா என்று யோசனை கேட்டால் உள்ளதைச் சொல்வதையும் சேர்த்திருக்கிறார்கள். பங்காளியாக வருகிறவன் மோசக்காரன் என்று தெரிந்தும் சொல்லாமலிருந்த நண்பரை நாம் மன்னிப்போமா? ஊர்ப் பணத்தை வைத்திருப்பவரைப் பற்றி ஊருக்குச் சொல்வது அதைவிட அவசியமில்லையா?

வெறும் வேடிக்கைக்காக ஒருவர் குடும்ப விஷயத்தைக் கிளறுவது இந்த ஆறில் எதிலும் சேராது. அதை எழுதும் பத்திரிகைக்கு இந்தப் பாடத்தில் இடமில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததை விசாரியாமல் தட்டிவிடுவதும் சேராது. வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத்தில் வந்திருக்கும் உத்தரவு நிருபருக்கும் உண்டு, கல்லாவில் உட்கார்ந்து கைபேசியைத் தடவும் நமக்கும் உண்டு. நிருபர் செய்திக்குக் கீழே பெயரைப் போட்டுச் சிறைக்குப் போகிறார். நமக்கு அந்தக் கஷ்டமும் இல்லை.

உள்ளூர் விஷயத்துக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் தமிழ்ப் பத்திரிகைக்கு அடியிட்டவர்களில் நம்மவர் உண்டு. 1887-ல் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ வாரப் பத்திரிகையை நடத்தியவர் மகுதூம் சாயபு. அவர் காலத்திலிருந்து இன்றுவரை பத்திரிகைக்குச் சர்க்காரும் வேண்டும், வியாபாரிகளும் வேண்டும். சர்க்கார் பங்கு சட்டமாக இருக்கிறது. மலேசியாவில் 1984-ம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டம். சிங்கப்பூரில் 1974-ம் ஆண்டுச் சட்டம். மலேசியாவில் 1987 அக்டோபரில் தி ஸ்டார், சின் சியூ ஜித் போ, வத்தான் ஆகிய மூன்று பத்திரிகைகள் அனுமதி இழந்து, மறு ஆண்டு மார்ச்சில்தான் மீண்டும் வெளிவந்தன. ஆண்டுக்கொரு முறை அனுமதியைப் புதுப்பிக்கும் விதி 2012-ல் நீங்கியது. சட்டத்தைப் பற்றிப் பேச வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். வியாபாரிகளின் பங்கு விளம்பரம். அதைப் பற்றி நாம்தான் பேசவேண்டும்.

நம்மவர் உணவகங்கள் சிலவற்றை நகராண்மைச் சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்து, எலியும் கரப்பானும் இருந்ததென்று 1983-ம் ஆண்டு உணவுச் சட்டத்தின்படி பதினான்கு நாள் மூடச் சொல்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. உடனே என்ன நடக்கிறது? சமையற்கட்டைக் கழுவுமுன் பத்திராதிபருக்குத் தொலைபேசி போகிறது. ‘நம் சமுதாயத்தைக் கேவலப்படுத்திவிட்டீர்’ என்கிறோம். ‘இனி நோன்புப் பெருநாள் விளம்பரம் கிடையாது’ என்கிறோம். இன் தின்னில் சாட்சியின் கையில் விலங்கிட்டார்கள். நாம் வயிற்றில் அடிக்கிறோம். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், சந்தேகமில்லை. வழி அதே வழிதான்.

வேறு கடையின் படத்தைத் தவறிப் போட்டுவிட்டாலோ, மூடாத கடையை மூடியது என்று எழுதிவிட்டாலோ நிலைமை வேறு. அங்கே எழுத்தர் தீங்கு செய்துவிட்டார்; ஸேர் வைத்து ஓதும் பொருளின்படி அவர் குற்றவாளி. திருத்தம் போடும்படி எழுத்து மூலம் கேட்க வேண்டும். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடும்படி கேட்பதும் நியாயமே. போடாவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது. விளம்பர உத்தரவை ஆயுதமாக்கவேண்டிய அவசியம் எதிலுமில்லை. விளம்பரம் சரக்கை விற்பதற்குக் கொடுப்பது. செய்தியை வாங்குவதற்குக் கொடுப்பதன்று. இரண்டையும் ஒரே ரசீதில் எழுதும் பத்திராதிபர் இருந்தால் அவரிடமும் நமக்கு வேலையில்லை.

சங்கத்துக் கணக்கைப் பற்றி இந்தச் செய்தி மடலில் அங்கத்தினர் யாரேனும் கேள்வி எழுதினால் அதை அச்சிடுவதா வேண்டாமா என்பதும் இந்தப் பாடத்தைச் சேர்ந்ததே. அச்சிட்டு, அதன் கீழே பொருளாளரின் பதிலையும் அச்சிடுவதே முறை என்பது நம் அபிப்பிராயம்.

அடுத்த பாடத்தில், இன்ஷா அல்லாஹ், இதைத் தொடர்ந்து வரும் 283-வது வசனத்திலுள்ள அடமானச் சட்டங்களைப் பார்ப்போம். பிரயாணத்தில் எழுத்தர் கிடைக்காதபோது என்ன செய்வதென்று அங்கே வருகிறது. மளிகைக் கடைகளில் நகையை வைத்துச் சரக்கு எடுப்போர் விஷயமும் அதில் அடங்கும். சந்தேகமுள்ளவர்கள் கேள்விகளை முன்னதாக எழுதியனுப்பினால் ஆலிம்களிடம் கேட்டுப் பதில் சேர்ப்போம்.